பொறந்த ஊட்டுக் கோடி

சித்தெ இந்தப் பையை மடில வெச்சுக்கறயா கண்ணு? கீழ வெச்சா மிதிபட்டுப் போயிரும். அமுக்கிப் புடிக்காத, உள்ள ஒரு காயிதம் இருக்குது. மடங்கிப் போச்சுன்னா எம்பையன் கத்துவான். காயிதத்துக்கு அடியில இருக்கறது சேலை. புதுச் சேலைதான். நான் கட்டறதுக்கு இல்லை.

நீ எது வரைக்கும்? காங்கயமா? சரி. நான் அதுக்கு முன்னாலயே நத்தக்காட்டுப் பிரிவுல எறங்கோணும். கண்டக்டர்கிட்டச் சொல்லியிருக்கறேன். நான் மறந்து உக்காந்திருந்தா நீ ஒரு வார்த்தை சொல்லு. இப்பெல்லாம் அப்படித்தான் ஆயிப்போகுது. அடுப்புல பாலை வெச்சுட்டு முன்னாலயே நிப்பேன். பொங்கி வழியும், பாத்துட்டே நிப்பேன். மருமக ஓடி வந்து அடுப்பை அமத்துவா. என்னத்தைங்க அத்தை நினைச்சுட்டு நிக்கறீங்கம்பா. ஒண்ணையும் நினைக்கறதில்லை கண்ணு. அவளுக்கு அது புரியறதில்லை.

காயிதம் வாரிசுச் சான்று. இன்னைக்குத்தான் கைக்கு வந்துச்சு. என்ற தங்கச்சி வசந்தாமணி செத்து மூணு மாசமாச்சு. அம்பத்தி நாலு வயசு. நெஞ்சு வலிக்குதுன்னு ஆசுபத்திரிக்கு நடந்து போனவளை மூணாம் நாளு கொண்டாந்து கூடத்துல படுக்க வெச்சுட்டாங்க. அவ கல்யாணம் பண்ணிக்கலை. கொழந்தை குட்டி இல்லை. எங்கய்யனும் அம்மாவும் போயி நெம்ப வருசமாச்சு. அண்ணந் தம்பின்னு ஆரும் இல்லை. மிச்சம் நான் ஒருத்திதான். திருப்பூருல அவ பேருல ஒரு ஊடு இருக்குது. அது இனி எனக்கு வரும். சட்டம் அப்படித்தானாம்.

தனியா இருந்தாங்களான்னு கேக்கறயா? தனியா எங்க இருந்தா. சுலோசனாகூட இருந்தா.

சுலோசனான்னா, கூட இருந்தவ. அவ மேல எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை, அதை முதல்லயே சொல்லிப்போடறேன். நல்ல பொண்ணு. பொண்ணென்ன, அவளுக்கும் அம்பது தாண்டிருச்சு. ரெண்டு பேருக்கும் ஒரே பனியன் கம்பெனில வேலை. வசந்தா டெய்லரு. சுலோசனா செக்கிங்கு, தைச்சு வர்ற துணியில ஓட்டை கறை இருக்குதான்னு பாக்கற வேலை. அங்க பழகுனதுதான். இருபத்தாறு வருசம் ஒரே ஊட்டுல இருந்தாங்க.

முதல்ல ரெண்டு பேரும் ஓடிப் போனப்ப நாந்தான் போலீசுல எழுதிக் குடுத்தேன். ஓடிப் போறதுன்னா சீமைக்கா போனாங்க, நாலு தெரு தள்ளி ஒரு ரூம் எடுத்துத் தங்குனாங்க, அவ்வளவுதான். எங்கய்யன் அப்ப உசுரோட இருந்தாரு. சோறு தண்ணி எறங்கலை அவருக்கு. போலீசு ரெண்டு பேரையும் கூட்டியாந்து நாள் முச்சூடும் பெஞ்சுல உக்கார வெச்சாங்க. ஏட்டு ஒருத்தரு வசந்தாவை ஓங்கி ஒரு அறை விட்டாரு. நான் பக்கத்துலதான் நின்னேன். நல்லதுக்குத்தானேன்னு நின்னேன். இனி இந்தப் பொண்ணுகூட எந்தச் சகவாசமும் வெச்சுக்க மாட்டேன்னு சுலோசனாகிட்ட எழுதி வாங்குனாங்க. கையெழுத்துப் போட்டா. வசந்தாவை எங்கூட்டுல கொண்டாந்து நாலு மாசம் வெச்சிருந்தேன். சோறு திம்பா, மாடு புடிச்சுக் கட்டுவா, வாயைத் தொறக்க மாட்டா. அஞ்சாம் மாசம், பூப் பறிக்கப் போறேன்னு போனவ திரும்பி வரலை. அதுக்கு மேல ஆரும் தேடலை.

இப்பெல்லாம் அப்படிப் புடிச்சு உக்கார வெக்கப்படாதாமே? மேஜரான ரெண்டு பேரு அவிங்க இஷ்டத்துக்கு ஒண்ணா இருந்தா போலீசு தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு ஐகோர்ட்டு சொல்லிப்போட்டுதாம். வக்கீலம்மா ஒருத்தங்க சுலோசனாகிட்டச் சொல்லியிருக்கறாங்க. அப்ப அப்படி ஒண்ணும் இல்லையே கண்ணு. இல்லாத சட்டத்துக்கு நான் என்ன பண்ணறது?

அப்பறம் எல்லாம் சரியாப் போச்சு. நான் வித்தியாசமே பாத்ததில்லை. நோம்பி நொடின்னா ரெண்டு பேரும் வருவாங்க. பொங்கலுக்கு வந்தா ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே பாய்தான் விரிப்பேன். எதுக்கு ரெண்டு பாயி. ஆராச்சும் கேட்டா வசந்தாவோட சிநேகிதின்னு சொல்லுவேன். அதுக்கு மேல நானும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. கேட்டாத்தான சொல்லோணும்.

ஊருக்குள்ள அவிங்க ரெண்டு பேரும் அக்கா தங்கச்சின்னுதான் சொல்லிக்குவாங்க. வாடகைக்கு ஊடு கேட்டுப் போனா அக்கா தங்கச்சி. ரேசன் கார்டுக்கு எழுத வந்தவங்ககிட்ட அக்கா தங்கச்சி. கார்டுல வசந்தாமணி குடும்பத் தலைவி, சுலோசனா சகோதரின்னு அச்சாகியே வந்திருச்சு. ஆசுபத்திரில கடைசியாச் சேத்தப்பகூட, கையெழுத்துப் போட ஆரு இருக்கறீங்கன்னு கேட்டதுக்கு, நான் தங்கச்சின்னு சொல்லித்தான் போட்டிருக்கறா. நான் பஸ்ஸேறிப் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. மூஞ்சியத் தொடைச்சு, தலை சீவிப் பொட்டு வெச்சு, ஏதோ கல்யாணத்துக்குக் கெளப்பற மாதர வெச்சிருந்தா. நான் போயி நின்னேன். அழுகை வரலை. இன்னும் வரலை கண்ணு. எல்லாரும் அழுதா மனசு லேசாகும்ங்கறாங்க. கனமா இருந்தாத்தான லேசாகறதுக்கு. ஒண்ணுமே இல்லை, மரத்துப்போன காலு மாதர இருக்குது.

சேலையைப் பத்திச் சொல்ல வந்தேன்.

எங்க பக்கம் ஒரு வழக்கம். உங்க பக்கமும் இருக்கும். புருசன் செத்துப் போனா, பொண்டாட்டிக்கு அவ பொறந்த ஊட்டுல இருந்து கோடிச் சேலை கொண்டாந்து தோள்ல போடுவாங்க. நீ எங்கூட்டுப் பொண்ணு, அவரு போனாலும் நாங்க இருக்கறோம்னு அதுக்கு அர்த்தம். எங்கூட்டுக்காரர் தவறி எட்டு வருசமாச்சு. எனக்கு வசந்தாதான பொறந்த ஊடு. சேலை வாங்கிட்டு வந்துட்டா, ஆனாப் போட முடியலை. கை அப்படி நடுங்குது, தேம்பித் தேம்பி அழுகறா. சுலோசனாதான் அவ கையில இருந்து வாங்கி எந்தோள்ல போட்டு, ரெண்டு கையாலயும் என்னைப் புடிச்சுட்டு நின்னா. ஆரும் ஒண்ணும் சொல்லலை. எந்தக் கை போட்டா என்னன்னு நானும் விட்டுட்டேன்.

வசந்தாவை எடுக்கறதுக்குச் சித்தெ முன்னாடி, வெள்ளை வேட்டி கட்டிட்டு ஒரு ஆளு வாசல்ல வந்து நின்னாரு. கையில தாம்பாளம். தாம்பாளத்துல சேலை. ஆருன்னு எங்களுக்குத் தெரியலை. சுலோசனா பாத்துட்டு எந்திரிச்சு நின்னா. அவளோட அண்ணன் நாச்சிமுத்தாம். இருபத்தாறு வருசமா தங்கச்சி மூஞ்சியில முழிக்காத ஆளு. எங்க சித்தப்பன், "ஆருக்குங்க இது?"ன்னு கேட்டாரு.

"என்ற தங்கச்சிக்குங்க. கோடி கொண்டாந்திருக்கறேன்."

"உங்க தங்கச்சிக்கா? செத்தது எங்கூட்டுப் பொண்ணுங்க."

"தெரியுமுங்க. என்ற தங்கச்சிகூடக் குடும்பம் நடத்துனவங்க செத்துப் போயிட்டாங்க. நான் கொண்டாராம வேற ஆருங்க கொண்டாருவா?"

ரோசமாச் சொல்லலை கண்ணு. சண்டைக்கும் வரலை. காட்டுல வெங்காயம் போட்டு வெளைவிக்கற மனுசன், சட்டமும் தெரியாது சாத்திரமும் தெரியாது. எழவுன்னா கோடி கொண்டு போகோணும்னு தெரியும், கொண்டாந்துட்டாரு. சேலையைத் தோள்ல போடப் பொம்பளை வேணுமில்ல, அவரு தாம்பாளத்தை என்ற பக்கம் நீட்டுனாரு. சுலோசனா என்னையே பாத்தா. அந்தப் பார்வை இருக்குதே, அதை விடு.

நான் தாம்பாளத்தை வாங்குனேன். "வெயில் ஏறுது, எடுக்கச் சொல்லுங்க"ன்னு சொல்லிப்போட்டு, சேலையைத் தூக்கி பீரோ மேல வெச்சுட்டேன். வேற என்ன பண்ணச் சொல்லற? சொந்த பந்தம் பூரா நிக்குது. போட்டா என்ன அர்த்தம் ஆகும்? காரியம் முடிஞ்சு துணிமணியெல்லாம் மூட்டை கட்டுனப்ப அந்தச் சேலையும் எங்கூட வந்திருச்சு. வேணும்னு எடுத்துட்டு வரலை.

பதினாறாம் நாளு முடிஞ்சதும் எம்பையன் மோகனு வாரிசுச் சான்றுக்கு எழுதிப் போட்டான். சுலோசனாவை ஊட்டை விட்டுப் போன்னு நாங்க சொல்லவே இல்லை. நீங்க எப்ப வேணா காலி பண்ணிக்கங்கன்னுதான் மோகனு சொன்னான். மருவாதியாத்தான் சொன்னான். அந்த ஊடு அவிங்க ரெண்டு பேரும் ஒழைச்சுக் கட்டுனதுதான், நான் இல்லைன்னு சொல்லலை. பத்திரம் பதியற அன்னைக்குக் கம்பெனில ஷிப்மெண்டு, சுலோசனாவுக்கு லீவு குடுக்கலை. ஒரு ஆளு பேருல இருந்தாப் போதும்னு வசந்தா மட்டும் போயிக் கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டா. உயிலுன்னு ஒரு வரி எழுதி வெச்சிருந்தா ஊடு சுலோசனாவுக்கே போயிருக்கும். வசந்தா எழுதலை. அம்பத்தி நாலு வயசுல ஆரு உயில் எழுதறா.

விசாரணைக்கு வந்த விஏஓ ஒரு பொம்பளைப் புள்ள. ரேசன் கார்டை வாங்கிப் பாத்தா. பாத்துட்டு, "ஏனுங்கம்மா, உங்களையும் சேத்து கூடப் பொறந்தவங்க ரெண்டு பேரு இருக்கறீங்களே. இன்னொரு சகோதரி பேரை ஏன் மனுவுல எழுதலை?"ன்னு கேட்டா. அவ சகோதரி இல்லைங்கன்னேன். "கார்டுல அப்படித்தான இருக்குது? அவங்க வந்து நேர்ல சொல்லட்டும். சகோதரின்னு சொல்லி, நீங்களும் ஆட்சேபணை இல்லைன்னா, ரெண்டு பேரையும் வாரிசுன்னு எழுதி மேல அனுப்பிடறேன். இல்லைன்னா, இல்லைன்னு அவங்க எழுதிக் குடுக்கோணும்"ன்னுட்டா.

மோகனுக்கு வந்துச்சே கோவம். பொய்க் கார்டு வாங்குனதுக்குக் கேசு போடறேன்னு குதிச்சான். நான் வேண்டாம்னுட்டேன். ரெண்டு நாளு ஊட்டுல ஒரே அக்கப்போரு. சுலோசனா மட்டும் ஆமா, நான் தங்கச்சின்னு சொல்லிட்டா, நான் சாட்சி கூட்டியாந்து நிரூபிக்கோணும். வருசக்கணக்கா இழுக்கும். சொல்லத்தான் போறான்னு நானும் நினைச்சேன். எல்லா எடத்துலயும் சொன்னவ, ஊடு போற எடத்துல சொல்ல மாட்டாளா? சத்தியமாச் சொல்லறேன் கண்ணு, சொல்லித் தொலையட்டும்னுகூட ஒரு நிமிசம் நினைச்சேன். அவ சொல்லி, நான் கம்முனு இருந்தாப் போதும். பாதி ஊடு அவளுக்குப் போயிரும். ஆரும் ஆரையும் ஒண்ணும் கேக்க வேண்டியதில்லை.

தாலூக்கா ஆபீசுல ரெண்டு பேரையும் ஒண்ணா நிக்க வெச்சுக் கேட்டாங்க. விஏஓ எழுதறா. பக்கத்துல அவளுக்கு மேல ஆபீசரு, ஆர்ஐ, வயசானவரு, கண்ணாடி போட்டவரு, அவரு கேக்கறாரு. "நீங்க வசந்தாமணியோட சகோதரிங்களா?"

சுலோசனா சொன்னா, "இல்லைங்க."

ஆர்ஐ கார்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "இதுல போட்டிருக்குதேம்மா. யோசிச்சுச் சொல்லுங்க. இதனால உங்களுக்குப் பின்னால சிரமம் வரும்." அந்த மனுசன் அவளுக்கு ஒத்தாசையாத்தான் கேட்டாரு, எனக்கே தெரிஞ்சுது.

"நாங்கதானுங்க அப்படிச் சொல்லி எழுத வெச்சோம். கூடப் பொறக்கலைங்க. இருபத்தாறு வருசம் ரெண்டு பேரும் குடும்பம் நடத்துனோம். அவ உசுரோட இருந்தப்ப, அவளுக்கு ஒரு தொந்தரவு வரக்கூடாதுன்னு பொய் சொன்னேன். அவ போனப்பறமும் அதையே சொன்னா, நாங்க பொழைச்ச பொழைப்பே பொய்யாப் போயிருமுங்க."

ஆர்ஐ கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாரு. அப்பறம், "கல்யாணம் பண்ணாமயும் குடும்பமா இருக்கலாம்னு ஐகோர்ட்டுல சொல்லியிருக்கறாங்க, நானும் படிச்சேன். ஆனா வாரிசுன்னு எழுத எனக்குச் சட்டத்துல வழி இல்லைங்கம்மா. வேணும்னா நீங்க கோர்ட்டுக்குப் போங்க"ன்னாரு. சுலோசனா தலையை ஆட்டுனா. போறேன்னும் சொல்லலை, போகலைன்னும் சொல்லலை.

அவரு அப்பறம் என்ற பக்கம் திரும்புனாரு. "சரி, சகோதரி இல்லை. இறந்தவங்களுக்கு இவங்க என்ன வேணும்னு ஒரு வரி எழுதோணும். நீங்கதான ரத்த சொந்தம், நீங்க சொல்லுங்க. என்ன உறவு?"

ஃபேனு சுத்துது. மோகனு பின்னால நிக்கறான். சுலோசனா அன்னைக்கு வாசல்ல பாத்தாளே, அதே மாதர என்னையே பாக்கறா. ஊட்டைக் கேக்கலை அவ. அது எனக்குத் தெரிஞ்சுது கண்ணு. நான் ஒரு வார்த்தை சொல்லோணும்னு நிக்கறா. அதைச் சொல்லியிருந்தாலும் ஊடு எனக்குத்தான் வந்திருக்கும். எனக்கு ஒரு நட்டமும் இல்லை. இதை நான் அப்பறமா ஊட்டுக்கு வந்துதான் நினைச்சேன். அங்க ஒண்ணும் தோணலை.

"உறவு ஒண்ணுமில்லைன்னு எழுதிக்கங்க"ன்னேன்.

விஏஓ புள்ள எழுதுனா. எழுதிப் படிச்சுக் காட்டுனா. இறந்தவருக்கும் மேற்படி சுலோசனாவுக்கும் யாதொரு உறவும் இல்லை. சுலோசனா கையெழுத்துப் போட்டா. எங்க குடும்பத்துக்கு அவ போடற ரெண்டாவது கையெழுத்து அது. அழகாப் போடுவா, கோடு போட்ட மாதர. வெளிய வந்து வேப்ப மரத்தடியில ஊட்டுச் சாவியை எங்கையில குடுத்தா. மோகனு கைல குடுக்கலை, எங்கையிலதான் குடுத்தா. குடுத்துட்டு, "அக்கா, எங்கண்ணன் கொண்டாந்த சேலை உங்ககிட்டத்தான இருக்குது?"ன்னு கேட்டா. ஆமாம்னேன். "செரிங்க"ன்னா. வேற ஒண்ணும் கேக்கலை, பஸ்ஸேறிப் போயிட்டா. இப்ப அந்த அண்ணன் ஊட்டுலதான் இருக்கறா, நத்தக்காட்டுல.

எல்லாம் சொல்லியாச்சு. பைத்தியக்காரி, பாதி ஊடு தேடி வந்ததைத் தானே வேண்டாம்னுட்டா. அதுக்கு நான் என்ன பண்ணறது?

ஏன் இன்னைக்கே போறேன்னா, காயிதம் வந்துருச்சல்ல. இனி ஆரும் ஒண்ணும் சொல்ல முடியாது. அதுதான் சேலையைத் திருப்பிக் குடுத்துட்டு வந்தரலாம்னு. அடுத்தவங்க பொருளு நம்ம ஊட்டுல எதுக்கு. மோகனுகிட்டச் சொல்லலை. கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன்.

என்ன கேட்ட? கையில குடுக்கப் போறனா, தோள்ல போடப் போறனான்னா? மூணு மாசம் கழிச்சுக் கோடி போடற வழக்கம் எங்கயாவது இருக்குதா? திருப்பிக் குடுக்கத்தான் போறேன்.

பைக்குள்ள கை விட்டு அந்தக் காயிதத்தை எடு. எடு, பரவால்லை. படிச்சுப் பாரு. வாரிசு எத்தனை பேருன்னு போட்டிருக்குது? ஒருத்தரு. பேரைப் படி. ருக்குமணி. நாந்தான். இன்னைக்கு ஆபீசுல குடுத்தப்ப மோகனு சந்தோசப்பட்டான், பாத்தயாம்மா, ஒரே பேருன்னான். நானும் பாத்தேன். ஒரே பேருதான். பொம்பளை செத்தாலும் பொறந்த ஊட்டுக் கோடி வரோணும் கண்ணு, அது இல்லாம எடுக்க மாட்டாங்க. எனக்கு இருந்தது வசந்தா. வசந்தாவுக்குக் கை நடுங்குனா வாங்கிப் போடறதுக்கு இன்னொருத்தி இருந்தா. உறவு ஒண்ணுமில்லைன்னு நாந்தான் சொல்லி எழுத வெச்சேன். நாளைக்கு எனக்கு ஆரு கொண்டாருவாங்க? இதுல பாத்தா ஆரும் இல்லை.

என்ன, பிரிவு வந்திருச்சா? பையைக் குடு. காயிதத்தை மேலயே வெய்யி. இல்லை, அடியில வெய்யி, சேலை மேல இருக்கட்டும்.

அவ அண்ணன் ஊடு காட்டுக்குள்ளயாம். கதவு சாத்தியிருக்கும். நாய் கொலைக்கும். உள்ள இருந்து அவதான் கேப்பா, ஆருங்கன்னு.

நான் என்னன்னு சொல்லறது கண்ணு?